முட்டுக் கொடுத்த கோபுரங்கள்

1965-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள ஷெல்பி அமெரிக்கன் பட்டறையிலிருந்து வெளிவந்த ஜி.டி.350 என்னும் மஸ்டாங் காரின் முன்மூடியைத் தூக்கிப் பார்ப்போர் கண்ணில் எந்திரத்துக்கு முன்னதாகப் படுவன இரண்டு எஃகு உறுப்புகள். ஒன்று, எந்திரத்தின் மேலே இடப்புறத்திலிருந்து வலப்புறம்வரை குறுக்கே செல்லும் நேரான சட்டம். மற்றொன்று, முகப்புக் கண்ணாடிக்குக் கீழுள்ள தகட்டுச் சுவரிலிருந்து இரு கைகளை விரித்தாற்போல் முன்னோக்கி வரும் முக்கோண முட்டு. இவை சுழல்வதில்லை, அசைவதில்லை, எந்திரத்தின் ஆற்றலை இம்மியளவும் கூட்டுவதில்லை. முன்சக்கரங்களைத் தாங்கி நிற்கும் இரு தகட்டுக் கோபுரங்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே இவற்றின் பணி. முன்னதற்கு மாண்டி கார்லோ சட்டம் என்றும், பின்னதற்கு ஏற்றுமதி முட்டு என்றும் பெயர்.

அமெரிக்காவில் பிறந்த காரின் உறுப்பொன்றுக்கு மத்தியதரைக் கடலோரப் பந்தய நகரின் பெயரும், மற்றோர் உறுப்புக்குக் கப்பலேறிப் போகும் சரக்கின் பெயரும் வாய்த்தது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடிச் செல்வோர் மஸ்டாங்கைக் கடந்து அதன் தாய் வண்டியாகிய ஃபால்கனிடம் வந்து சேர்வர். அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் செம்மண் சாலைகளுக்கும், ஐரோப்பாவின் பனி மலைகளுக்கும் செல்ல நேரும். ஒரு பலவீனம் எங்கே பிறந்தது, யார் கண்ணில் பட்டது, யாருக்கு மருந்து கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதே அவ்வரலாறு.

முதலில் கோபுரம் என்பது யாதெனத் தெரிதல் வேண்டும். கார் ஓடும்போது சக்கரம் மேடு பள்ளங்களில் ஏறி இறங்கும். அந்த அசைவு வண்டிக்குள் இருப்போரைத் தாக்காமலிருக்கச் சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே சுருள்வில்லும் அதிர்வுதாங்கியும் அமைக்கப்படும். இவ்வமைப்பு முழுவதையும் பட்டறைகளில் சஸ்பென்ஷன் என்பர். தமிழில் தொங்கமைப்பு எனலாம். அக்காலத்துப் பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் உடலுக்கு அடியில் ஏணி போன்ற கனத்த அடிச்சட்டம் ஒன்று இருந்தது. சுருள்வில் அந்தச் சட்டத்தை முட்டி நின்றது. அடி விழுந்தால் அதனை வாங்கிக்கொள்ளச் சட்டத்துக்கு வலிமை இருந்தது.

ஃபால்கனில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. மடித்து அழுத்திய தகடுகளைப் பற்றவைத்து, உடலும் சட்டமும் ஒன்றேயாகச் செய்யப்பட்ட கார் அது. எடையைக் குறைப்பதற்கு அதுவே வழி. சக்கரத்தைப் பிடிக்க மேலும் கீழுமாக இரண்டு கைகள் உண்டு. சுருள்வில்லைக் கீழ்க்கையின்மேல் வையாமல் மேற்கையின்மேல் வைத்தனர். ஆகவே வில்லின் உச்சியைத் தாங்குவதற்கு எந்திரத்தின் இருபுறமும் உயரமான தகட்டுக் கூடுகள் இரண்டு தேவைப்பட்டன. இவையே கோபுரங்கள். காரின் முன்பாகத்துச் சுமை முழுவதும் இவ்விரு கூடுகளின் வழியாகவே உடலுக்குள் இறங்குகிறது.

இங்கே நெம்புகோல் கணக்கு ஒன்று உண்டு. மேற்கையின் வெளிமுனையில் சக்கரம். உள்முனையில் கோபுரத்தோடு பிணைத்த கீல். இரண்டுக்கும் நடுவே சுருள்வில். சக்கரம் 300 கிலோ எடையைத் தாங்குகிறதெனின், கையின் நடுப்பகுதியில் நிற்கும் வில் ஏறத்தாழ அதன் இருமடங்கு விசையோடு கோபுரத்தின் உச்சியை மேல்நோக்கித் தள்ளும். அதே நேரத்தில் உள்முனைக் கீல், கோபுரத்தின் உட்புறத்தைக் கீழ்நோக்கி அழுத்தும். வெளிப்புறம் மேலே தள்ளப்பட்டு உட்புறம் கீழே அழுத்தப்படுமாயின் கோபுரம் எப்பக்கம் சாயும்? எந்திரத்தின் பக்கமாகத்தான். கார் அசையாமல் நிற்கும்போதே நிலைமை இதுவென்றால், 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கும்போது என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. நாளடைவில் கோபுரத்தின் தலைகள் மெல்ல உட்புறம் சாயும். சக்கரங்களின் மேற்பகுதியும் உடன் சாயும். டயரின் உள்விளிம்பு தேயும். பற்றவைத்த இடங்களில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். சக்கரங்களை நேர்செய்ய வரும் பட்டறைக்காரர் கைகளின் திருகாணிகளை எத்துணை முறை திருத்தினாலும், நிற்கும் கோபுரமே சாய்ந்திருப்பதால் பயனிராது.

இக்காரைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் இராபர்ட் மக்நமாரா. பிற்காலத்தில் வியட்நாம் போரின்போது அமெரிக்கத் தற்காப்பு அமைச்சராகவும், அதன்பின் உலக வங்கித் தலைவராகவும் இருந்த அதே மக்நமாராதான். ஹார்வர்டில் வணிகவியல் ஆசிரியராக இருந்து, இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படைக்குப் புள்ளிவிவரக் கணக்குப் பார்த்து, 1946-இல் ஃபோர்டு நிறுவனத்தில் சேர்ந்தவர் அவர். பளபளக்கும் வால்களும் குரோமியப் பூச்சும் கொண்ட பெருவண்டிகளின் மீது அவருக்கு நாட்டமில்லை. நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய, குறைந்த எண்ணெயில் ஓடக்கூடிய, எளிதில் பழுது பார்க்கக்கூடிய கார் ஒன்றையே அவர் விரும்பினார். அதற்குக் காலமும் கனிந்திருந்தது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வண்டுக் கார் அமெரிக்கச் சந்தையில் இடம்பிடித்துக்கொண்டிருந்தது.

1959-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மூன்று பெரும் நிறுவனங்களும் தத்தம் சிறிய கார்களைக் களத்தில் இறக்கின. ஷெவ்ரலே நிறுவனத்தின் கார்வேர், கிறைஸ்லர் நிறுவனத்தின் வேலியண்ட், ஃபோர்டின் ஃபால்கன் ஆகிய மூன்றனுள் வெற்றி வாகை சூடியது ஃபால்கனே. முதல் ஆண்டிலேயே 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்பனையாயின. 2,000 டாலருக்கும் குறைந்த தொடக்க விலை. 1,100 கிலோவுக்கு உட்பட்ட எடை. 6 சிலிண்டர் கொண்ட சிறிய எந்திரம். மக்நமாரா 1960 நவம்பரில் ஃபோர்டு நிறுவனத்தின் தலைவரானார். இரண்டு மாதங்களுக்குள் கென்னடியின் அமைச்சரவைக்குச் சென்றுவிட்டார்.

அவரைக் குறை கூறுவதற்கு முன் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நேர்மையாகும். ஃபால்கன் எந்தச் சாலைக்கென வடிக்கப்பட்டதோ, அந்தச் சாலையில் அது நன்றாகவே ஓடியது. அமெரிக்க நகர்ப்புறத்தின் தார்ச்சாலையில் அலுவலகத்துக்குச் சென்று திரும்பும் குடும்பத் தலைவருக்கு அக்கோபுரங்களால் பல ஆண்டுகள் யாதொரு தொல்லையும் நேர்ந்ததில்லை. தேவைக்கு மேல் ஒரு கைப்பிடித் தகடும் சேர்க்காதிருப்பது எடைச் சிக்கனத்தின் இயல்பு. பிழை தொடங்குவது, அந்தக் கார் தனக்குரிய சாலையை விட்டு வேறு நாட்டுக்குப் பயணப்பட்ட இடத்தில்தான்.

ஆஸ்திரேலியாவில் அக்காலத்தில் ஹோல்டன் கார் ஆதிக்கம் செலுத்தியது. 1948-இல் வெளிவந்த நாள்முதலாக அந்நாட்டு மக்கள் அதனைத் தங்கள் சொந்தக் கார் என்றே கொண்டாடினர். அதனை எதிர்க்க, மெல்பர்னுக்கு வடக்கே பிராட்மெடோஸ் என்னுமிடத்தில் ஃபோர்டு நிறுவனம் புதிய தொழிற்சாலை ஒன்றை எழுப்பியது. அங்கே இங்கிலாந்து ஃபோர்டின் செஃபர் காரைத் தயாரிப்பதே முதலில் இருந்த திட்டம். ஆயினும் ஆஸ்திரேலியக் கிளையின் தலைவர் சார்லஸ் ஸ்மித் அமெரிக்காவின் டியர்போர்ன் நகருக்குச் சென்று ஃபால்கனைக் கண்டதும் திட்டத்தை மாற்றிக்கொண்டார். செஃபரைவிட அகலமான, புதுமையான, விலை மலிவான கார் அவருக்குக் கிடைத்துவிட்டது. 1960 செப்டம்பரில் எக்ஸ்.கே. என்னும் குறியீட்டுடன் ஆஸ்திரேலிய ஃபால்கன் வெளிவந்தது. திருப்புவளையம் வலப்புறம் மாறியதே தவிர, கார் பெரும்பாலும் அமெரிக்கக் காராகவே இருந்தது.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிச் சாலைகளைப் பற்றிச் சில சொற்கள் கூறவேண்டும். தாரிடாத மண்சாலையில் வண்டிகள் ஓட ஓட, குறுக்கு வாட்டில் சிறு சிறு வரப்புகள் தோன்றும். துணி துவைக்கும் மடிப்புப் பலகையைப் போல மைல் கணக்கில் அவ்வரப்புகள் நீளும். இரப்பர்த் தோட்டத்து மண்சாலையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அது புதிதன்று. பெருங்குழி ஒரு முறை அடித்து ஓயும். இவ்வரப்புகளோ விநாடிக்குப் பல முறை சக்கரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். தச்சர் ஒரே அடியில் அறைவதற்கும், கொல்லர் விடாது தட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது. உலோகம் களைத்துப்போவது இரண்டாவது வகையில்தான்.

எக்ஸ்.கே. ஃபால்கனில் முதலில் களைத்தது கோபுரமன்று. மேற்கையின் முனையிலுள்ள பந்து மூட்டு. சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் இடங்கொடுக்கும் குமிழ் போன்ற அந்த உறுப்பு, வில்லின் சுமை மேற்கையின் மேல் இருப்பதால், காரின் எடையைத் தானே தாங்கவேண்டியதாயிற்று. மண்சாலைகளில் அது தேய்ந்து கழன்றது. சக்கரம் மடிந்து கார் முழந்தாளிட்டது. ஒரு மூட்டின் கேடு, காரின் பெயருக்கே கேடாக முடிந்தது. கவர்ச்சியான கார், ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு ஆகாத கார் என்ற பேச்சு நாடெங்கும் பரவிற்று. தொடக்கத்தில் வேகமாக ஏறிய விற்பனை தளர்ந்தது. மாபெரும் பணத்தை விழுங்கி எழுந்த புதிய தொழிற்சாலையின் எதிர்காலமே அந்தச் சிறு மூட்டின்மேல் தொங்கியது எனின் மிகையாகாது.

அடுத்த ஐந்தாண்டுகளில் பிராட்மெடோஸ் பொறியாளர்கள் செய்ததை ஒருவகைக் காப்பியப் பணி என்றே கூறலாம். 1962-இல் வெளிவந்த எக்ஸ்.எல்., 1964-இல் வெளிவந்த எக்ஸ்.எம். ஆகிய வடிவங்களில் படிப்படியாக உறுப்புகளை வலுப்படுத்தினர். 1965 மார்ச்சில் வந்த எக்ஸ்.பி. வடிவத்தில் முன்பகுதி முழுவதும் திருத்தியமைக்கப்பட்டது. பெரிய பந்து மூட்டுகள் வந்தன. அடித்தளத்தின் மூலைகளில் முறுக்கத்தைத் தாங்கும் பெட்டி போன்ற தகட்டு அறைகள் சேர்க்கப்பட்டன. வலி தோன்றிய இடத்தில் மட்டும் மருந்து தடவாமல், அங்கு விழும் அடி எவ்வழியே உடலுக்குள் பரவுகிறது என்பதைத் தொடர்ந்து சென்று ஒவ்வோர் இடத்தையும் உறுதிசெய்த முறை அது.

ஆயினும் கெட்ட பெயரைத் தகட்டினால் மட்டும் மாற்றிவிட முடியாது. அதனை அறிந்தவர் அமெரிக்காவிலிருந்து அங்குப் பணியாற்ற வந்திருந்த பில் பர்க். ஜீலாங் நகருக்கு அருகே யூ யாங்ஸ் குன்றுகளின் அடிவாரத்தில் நிறுவனம் அமைத்திருந்த புதிய சோதனைத் தடத்தில், 1965 ஏப்ரல் இறுதியில், ஐந்து எக்ஸ்.பி. கார்களை இரவுபகலாக ஓட்ட அவர் ஏற்பாடு செய்தார். ஐந்து கார்களும் சேர்ந்து 70,000 மைல், அதாவது 1,12,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடவேண்டும். சராசரி வேகம் மணிக்கு 70 மைலுக்குக் குறையக்கூடாது. ஒன்பது நாள் ஓட்டம் அது. தடமோ வட்டமாகச் சுற்றும் சமதளமன்று. மேடும் வளைவும் நிறைந்த மலைப்பாதை போன்றது. பந்தய ஓட்டுநர்கள் போதாமல் நிறுவனத்தின் ஊழியர்களும் சக்கரத்தைப் பிடித்தனர். கார்கள் கவிழ்ந்தன, நிமிர்த்தி, நெளிவைத் தட்டி, மீண்டும் ஓட்டினர். இறுதியில் இலக்கு எட்டப்பட்டது. கவிழ்ந்த காரும் ஓடி முடித்ததைச் செய்தித்தாள்களில் படித்த மக்கள், இக்கார் முழந்தாளிடும் கார் அன்று என்று நம்பத் தலைப்பட்டனர். விளம்பரத்துக்காக உயிரைப் பணயம் வைத்த ஓட்டம் என்று அதனைக் கண்டிப்போரும் உளர். அக்கண்டனத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் ஆஸ்திரேலிய ஃபால்கன் பிழைத்தது அந்த ஒன்பது நாளில்தான். அமெரிக்காவில் ஃபால்கன் என்னும் பெயர் 1970-இல் மறைந்தது. ஆஸ்திரேலியாவிலோ கடைசி ஃபால்கன் பிராட்மெடோஸ் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாள் 2016 அக்டோபர் 7.

இனி மாண்டி கார்லோவுக்கு வரலாம். ஃபால்கன் முதியவர்களின் கார் என்ற எண்ணத்தை மாற்ற விரும்பிய ஃபோர்டு, 1963-இல் 8 சிலிண்டர் எந்திரம் பூட்டிய ஸ்பிரின்ட் என்னும் வகையைச் செய்தது. அவ்வாண்டு ஜனவரியில் மாண்டி கார்லோ நெடும்பந்தயத்தில் அவற்றுள் மூன்று கலந்துகொண்டன. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் புறப்பட்டுப் பனி மூடிய ஆல்ப்ஸ் மலைச் சாலைகளைக் கடந்து கடற்கரை நகரை அடையும் பந்தயம் அது. சுவீடனைச் சேர்ந்த போ யுங்ஃபெல்ட், தனி நேரம் கணக்கிடப்படும் மலைக் கட்டங்கள் அனைத்திலும் முதலாவதாக வந்து ஐரோப்பியரை வியப்பில் ஆழ்த்தினார். ஆயினும் கிளட்ச் பழுதினால் இழந்த நேரம் அவரை 43-ஆம் இடத்துக்குத் தள்ளிவிட்டது. மறு ஆண்டு அவர் மீண்டும் வந்தார். சிறிய எந்திரங்களுக்குச் சலுகை தரும் கணக்கின்படி பாடி ஹாப்கர்க் ஓட்டிய மினி கூப்பர் முதலிடம் பெற, யுங்ஃபெல்டின் ஃபால்கன் இரண்டாமிடம் பெற்றது. பெரிய காரைச் சிறிய கார் வென்ற கதையாக அது இன்றும் பேசப்படுகிறது. தோற்ற காரின் கோபுரங்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

குடும்பக் காருக்காக வடித்த அக்கூடுகள் இரு மடங்கு எந்திர வலிமையோடும் பனிக் குழிகளோடும் போராட வேண்டியிருந்தது. இரு கோபுரங்களையும் குறுக்குச் சட்டத்தால் இணைத்து, ஒன்றன் சாய்வை மற்றொன்று தடுக்கும்படி செய்வதே மருந்து. இரு கோபுரங்களும் உட்புறமாகவே சாய முயல்வதால் நடுவிலுள்ள நேரான சட்டம் இரு முனையிலும் அழுத்தத்தை ஏற்று இரண்டையும் தடுத்துவிடும். சட்டம் நேராக இருத்தல் இன்றியமையாதது. எந்திரத்துக்கு வழிவிட வளைத்த சட்டம், அழுத்தம் வரும்போது மேலும் வளையவே முற்படும். அப்பந்தயத்தினின்றும் வந்ததாகக் கூறப்படும் மாண்டி கார்லோ என்னும் பெயர் அச்சட்டத்துக்கு நிலைத்துவிட்டது.

முட்டு என்னும் சொல்லைத் தமிழர் இருவகையாகவும் ஆள்வதுண்டு. சாயும் சுவருக்குக் கொடுப்பதும் முட்டு. செல்லும் வழியை மறிப்பதும் முட்டுக்கட்டை. மாண்டி கார்லோ சட்டம் இரண்டுமாக இருந்தது. அதனைக் கழற்றாமல் எந்திரத்தில் கைவைப்பது பல வேளைகளில் இயலாது. பட்டறைக்காரர் கழற்றிய சட்டத்தை மறந்துபோய் மூலையில் சாத்திவிட்ட கார்களும் பல.

ஃபோர்டின் மற்றொரு பிரிவாகிய மெர்க்குரி, ஃபால்கனின் அடித்தளத்தைக் கொண்டே காமெட் என்னும் காரைச் செய்தது. 1963-இல் டேட்டோனா ஓட்டப்பந்தயத் தடத்தில் காமெட் கார்கள் ஒவ்வொன்றும் நாற்பது நாள்களில் 1,00,000 மைல் ஓடி, மணிக்கு 105 மைலுக்கும் மேற்பட்ட சராசரி வேகம் காட்டின. மழமழப்பான தடத்தில் அடைந்த அப்பெருமையோடு 1964-இல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பந்தயத்துக்குக் காமெட்டுகள் சென்றன. சேறும் பாறையும் நிறைந்த அச்சாலைகளில் அவற்றுட் பெரும்பாலானவை இடைவழியிலேயே நின்றுவிட்டன. அவ்வாண்டு வாகை சூடியது ஃபோர்டின் இங்கிலாந்துக் கிளை செய்த சிறிய கார்ட்டினா.

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானது. லீ ஐயகோக்காவின் பெயரை உலகறியச் செய்த அக்காரின் புறத்தோற்றம் புதியது. உள்ளே இருந்ததோ ஃபால்கன். அதே தகட்டு உடல், அதே மேற்கை, அதே கோபுரம். ஓராண்டுக்குள் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்பனையாயின. ஆஸ்திரேலியாவில் மூட்டுகள் கழன்று சில ஆண்டுகள் கழிந்துவிட்ட நேரம் அது. மாண்டி கார்லோவில் இரு முறை ஓடி முடித்த நேரம். ஆகவே கோபுரங்களின் பலவீனத்தை நிறுவனம் அறியாதிருந்தது என்று சொல்வதற்கில்லை.

அறிந்திருந்தது என்பதற்குச் சான்று கார்களிலேயே இருக்கிறது. அமெரிக்கருக்கு விற்ற மஸ்டாங்கில் ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் பின்புறத் தகட்டுச் சுவருக்குத் தனித்தனியே ஒரு மெல்லிய தகட்டுக் கை சென்றது. வெளிநாடுகளுக்கு அனுப்பிய கார்களிலோ அவ்விரண்டு கைகளுக்கும் பதிலாக ஒரே துண்டாக அழுத்திச் செய்த கனத்த முக்கோண முட்டு பொருத்தப்பட்டது. ஜெர்மனியில் க்ருப் நிறுவனம் மஸ்டாங் என்ற பெயருக்கு உரிமை பெற்றிருந்ததால், அங்கு அந்தக் கார் டி-5 என்ற பெயரில் விற்கப்பட்டது. பெயரை இழந்த அந்த டி-5 கார் முட்டைப் பெற்றது. பெயரை உடைய உள்நாட்டுக் கார் முட்டைப் பெறவில்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பள்ளி வடிவியலில் அடங்கும். தனித்தனிக் கைகள் இரண்டும் பின்சுவரோடு சேர்ந்து மூன்று பக்கமே உள்ள சட்டகமாகும்; நான்காவது பக்கம் திறந்தே கிடக்கும். வளைவில் திரும்பும்போது இரு கோபுரங்களும் ஒரே பக்கமாக நெளிந்து கொடுக்க அதில் இடமுண்டு. ஒற்றைத் துண்டு முட்டு பின்சுவரின் நடுவிலிருந்து விரிந்து முக்கோணமாகிறது. முக்கோணத்தின் பக்க நீளம் மாறாத வரை அதன் கோணம் மாறாது. அதனோடு மாண்டி கார்லோ சட்டமும் சேர்ந்துவிட்டால் முன்புறமும் அடைபட்டுவிடும்.

செலவு எவ்வளவு? சில கிலோ எஃகும் சில திருகாணிகளும் மட்டுமே. ஆயினும் ஆண்டுக்கு 4 இலட்சம் கார் செய்யும் ஆலையில், காருக்கு ஒரு டாலர் மிச்சமெனினும் ஆண்டுக்கு 4 இலட்சம் டாலர் மிச்சம். இக்கணக்கு ஃபோர்டுக்கு மட்டும் உரியதன்று. ஷெவ்ரலே கார்வேரின் முன்பக்கத்தில் ஆட்டத்தைக் குறைக்கும் ஒரு எளிய எஃகுத் தண்டு தொடக்கத்தில் பொருத்தப்படவில்லை. 1964-ஆம் ஆண்டு வடிவத்தில்தான் அது எல்லாக் கார்களிலும் வந்தது. ரால்ப் நேடர் 1965-இல் வெளியிட்ட நூல் அக்குறையை நாடறியச் செய்தது. மஸ்டாங்கின் கோபுரங்கள் அவ்வாறு உயிர்களைக் காவுகொண்டவை அல்ல. அவற்றின் கேடு மெதுவானது. கார் இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் மாறிய பின்னரே அது வெளிப்பட்டது. புதுக்கார் வாங்கியவர் பளபளப்பை அனுபவித்தார். பழைய கார் வாங்கிய ஏழை இளைஞர் தேய்ந்த டயர்களை அனுபவித்தார். வாங்குவோர் கூச்சலிடாத குறைக்கு ஆலைகள் விரைந்து மருந்து தேடுவதில்லை.

கேரல் ஷெல்பியின் நிலை வேறு. 1959-இல் ல மான் பந்தயத்தில் வென்ற ஓட்டுநர் அவர்; கோபுரம் சாய்ந்தால் கார் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது அவர் கைகளுக்கே தெரியும். சான் ஹொசே ஆலையிலிருந்து வந்த மஸ்டாங்குகளை வாங்கி அவர் மாற்றியமைத்தபோது, ஏற்றுமதி முட்டும் மாண்டி கார்லோ சட்டமும் முதல் திருத்தங்களுள் இடம்பெற்றன. அவற்றோடு நிற்கவில்லை. ஃபோர்டின் பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் வகுத்த முறைப்படி, மேற்கையின் கீல்களைக் கோபுரத்தில் ஒரு அங்குலம் கீழே இறக்கப் புதிய துளைகள் இட்டனர். வளைவில் கார் சாயும்போது வெளிச்சக்கரம் தரையை விட்டுக் கவிழாமல் நிமிர்ந்து பற்றிக்கொள்வதற்கு அது உதவியது. தடித்த ஆட்டத்தடுப்புத் தண்டும் வலுவான அதிர்வுதாங்கிகளும் சேர்ந்தன. இங்கே ஒழுங்கு ஒன்று கவனிக்கத்தக்கது: கோபுரம் அசையாமல் நின்றால்தான் அதில் ஒரு அங்குலம் மாற்றுவதற்குப் பொருளுண்டு. அசையும் கோபுரத்தில் எத்துணை நுண்ணிய கணக்கும் வளைவில் பிசகிவிடும். 1965-இல் அக்கார் தன் பிரிவில் அமெரிக்கப் பந்தயச் சங்கத்தின் வாகையைச் சூடியது. மறு ஆண்டில் செலவைக் குறைக்கும் பொருட்டுக் கீல்களை இறக்கும் வேலையே கைவிடப்பட்டது.

பிறகும் கோபுரங்கள் ஓய்ந்துவிடவில்லை. 1969-இல் பாஸ் 302 என்னும் மஸ்டாங் உருவானபோது, அகன்ற புதிய டயர்கள் தரையை முன்பைவிட இறுகப் பற்றின. பற்றுதல் மிகுந்தால் விசையும் மிகும். சோதனையில் கோபுரங்கள் வெடிக்கவே, அவற்றுக்குக் கூடுதல் தகடுகள் வைத்து வலுப்படுத்த நேர்ந்தது. ஓரிடத்தை உறுதிசெய்தால் விசை அடுத்த நலிந்த இடத்தைத் தேடிப் போகும் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. 1973-இல் வந்த இரண்டாம் தலைமுறை மஸ்டாங்கில் சுருள்வில் கீழ்க்கைக்கு இறங்கியது; பழைய கோபுரங்கள் அக்காரிலிருந்து மறைந்தன.

இன்று அறுபது ஆண்டுகளைக் கடந்த அக்கார்களைப் போற்றிப் புதுப்பிப்போர் பல நாடுகளில் உளர். அவர்கள் வாங்கும் முதல் உறுப்புகளுள் ஏற்றுமதி முட்டும் ஒன்று. அதனைப் பொருத்த முனையும்போதுதான் பலருக்கு உண்மை புலப்படுகிறது: முட்டின் துளைகளும் கோபுரத்தின் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பிழை முட்டில் இல்லை; இத்தனை ஆண்டுகளில் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன. கோபுரங்களுக்கு இடையே ஜாக்கியைக் கிடையாக வைத்து மெல்ல விரித்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்த பின்னரே திருகாணிகளை முடுக்குகின்றனர். சிலர் அளவு பாராமல், சாய்ந்த நிலையிலேயே துளையைப் பெருக்கி முட்டைப் பூட்டிவிடுவர். அது கோணலை நிலைப்படுத்துவதன்றி வேறில்லை. இன்னும் சிலர் துருப்பிடித்த தகட்டின்மேல் பளபளக்கும் சட்டத்தைப் பூட்டுவர். அடித்தகட்டில் வலிமை இல்லாதபோது சட்டம் பற்றிக்கொள்ள இடமேது? வெடிப்புகளைத் துருவிப் பார்த்துப் பற்றவைத்து, அழிந்த தகட்டை மாற்றி, சாய்வை நிமிர்த்தி, அதன்பின் முட்டுக் கொடுப்பதே அனுபவம் மிக்க பட்டறைகளின் முறை. ஒரு நாளில் முடியும் வேலையன்று அது.

அமெரிக்காவில் செய்து, அமெரிக்காவிலேயே விற்று, ஒரு நாளும் கப்பலேறாத மஸ்டாங்குகளே இன்று அம்முட்டைப் பெரும்பாலும் பெறுகின்றன. விலைப்பட்டியல்களில் அதன் பெயர் மட்டும் மாறவில்லை. இன்றும் அது ஏற்றுமதி முட்டுதான்.